நாலாவது நிறுத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னையன் தோட்டத்துச் சந்துக்குள் வெளியாட்களின் செருப்புச் சத்தம் கேட்டதும் தேவானை பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். விளக்க ஒன்றும் இல்லாவிட்டால் விளக்கியதையே மறுபடி விளக்குவாள். உள்ளே இருந்தால் ஷீலா பேசுவது சரியாகக் கேட்காது. கேட்டால் வயிறு எரியும். கேட்காவிட்டால் இன்னும் எரியும்.

மயிலாப்பூர்க் குளத்திலிருந்து கால்வாய்ப் பக்கம் நடந்து வந்தால் தோட்டம். பேர்தான் தோட்டம். ஒன்றின் சுவரில் இன்னொன்று சாய்ந்து நிற்கும் வீடுகள், நடுவில் ஒரு ஆள் போக வழி. இதைப் பார்க்க அடையாறிலிருந்தும் தி. நகரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. 'எங்க தோட்டம், எங்க நடை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத்து ஆளே முன்னால் நடந்து தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆள் ஷீலா. கால்வாய்ச் சுவர் முதல் நிறுத்தம். தண்ணீர்த் தொட்டி இரண்டாவது. வேம்புலி அம்மன் மூன்றாவது. தேவானை வீடு நாலாவது.

"இவங்கதான் எங்க தேவானை அக்கா," என்று ஷீலா கையை நீட்டுவாள். கடையில் சாமானைக் காட்டுகிற மாதிரி இருக்கும். "கட்டட வேல செய்றாங்க. அந்தப் பெரிய வெள்ளத்துல கால்வா தண்ணி உள்ள பூந்துடுச்சு. எல்லாரும் ஸ்கூல் மாடிக்கு ஓடறாங்க. இவங்க வூட்டுக்காரருக்கு அனலா காய்ச்சல். எயுந்து நிக்க முடியல. அக்கா இன்னா பண்ணாங்க? சிமெண்டு மூட்டைய தூக்கற மாதிரி அவர தோள்ல போட்டுக்கினு இடுப்பு தண்ணில நடந்தாங்க. பக்கத்துல பாம்பு போவுது. அவரு, 'என்ன உட்டுட்டு நீ போ தேவானே'ன்றாரு. இவங்க, 'மூட்ட பேசக் கூடாது'ன்றாங்க."

அங்கே சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று ஷீலா காத்திருப்பாள். பிறகு குரலை இறக்கி, "மாடிக்குப் போனதும் அவர எறக்கி வெச்சிட்டு, ஈரப் பொடவையோட அவரு நெத்தியில கைய வெச்சிப் பாத்தாங்களாம்," என்பாள். கைப்பையிலிருந்து கைக்குட்டைகள் வெளியே வரும்.

அதற்குள் தேவானையின் புருஷன் ரகுபதி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "அந்த மூட்ட நான்தாங்க," என்று கும்பிடுவான். மறுபடி சிரிப்பு. அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஷீலாவும் அவனும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வார்கள், நாடகத்தை நல்லபடியாக முடித்த ஆட்கள் மாதிரி. தேவானை சாம்பல் கையோடு உட்கார்ந்திருப்பாள்.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை. குடித்துவிட்டுக் கிடந்தான். பாம்பும் இல்லை, நெற்றியில் கையும் இல்லை. தூக்கிக்கொண்டு போகும்போது திட்டிக்கொண்டே போனாள். வழியில் ஒரு தடவை கைதவறித் தண்ணீரில் போட்டும்விட்டாள். ஷீலா அன்றைக்குத் தோட்டத்திலேயே இல்லை. மழை வலுத்ததும் கோடம்பாக்கத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாளில் ஒரு மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நெத்திலி கிள்ளியபோது தேவானை சொன்ன கதை அது. அவள் ரெண்டு வார்த்தையில் சொன்னாள். ஷீலா அதில் காய்ச்சலும் பாம்பும் சேர்த்துக்கொண்டாள்.

இந்த நடைக்கு முதலில் கூப்பிடப்பட்டவள் தேவானை. அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். தேவானை அங்கே சித்தாள். எதிர்வீட்டுப் பெண் அனன்யா, வெயிலில் மோர் கொடுப்பாள், பேச்சுக் கொடுப்பாள். அவள் புதிதாகச் சேர்ந்திருந்த அமைப்பு ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஆட்களை அழைத்துப் போகும். அங்கே மலை ஜனங்களே ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். "உங்க தோட்டத்துலயும் இந்த மாதிரி செய்யலாம். ஒரு தடவ மலைக்கு வந்து அவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க," என்று அனன்யா கூப்பிட்டாள். தெரியாத ஜனங்களோடு தனியாகப் போகத் தேவானைக்குக் கூச்சம். தோட்டத்தில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த ஷீலாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நாலு மாடிச் சாரத்தில் தலையில் கலவைப் பாண்டோடு ஏறுகிறவளுக்கு மலைப் பாதையின் முதல் வளைவிலேயே குமட்டியது. அடுத்த வளைவில் ஜன்னலோர ஆளை எழுந்திருக்கச் சொல்லி அங்கே மாறிக்கொண்டாள். ஊருக்குப் போய்ச் சேரும்போது நிமிர முடியவில்லை. ரேஷன் கடை நிழலில் பாயைப் போட்டுக் கிடத்தினார்கள். அனன்யா பாவம், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "நான் ஆத்துக்கு நாளைக்குத்தான் வருவேம்மா, ஒருத்தருக்கு உடம்பு முடியல," என்று போனில் அவள் அம்மாவிடம் சொன்னது தேவானைக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆக, மலை ஜனங்களோடு நடந்து பார்த்தது ஷீலா மட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷீலா சொன்னாள், "பெரிய வேலலாம் ஒண்ணும் இல்ல. ஒர்த்தி முன்னால போவா. எல்லா எடத்துலயும் அவளே நின்னு சொல்வா. மத்தவங்க பின்னால வருவாங்க. அவ்ளோதான்."

பாலிதீன் பையை வாயருகே பிடித்திருந்த தேவானை தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அனன்யா ஒரு செய்தி சொன்னாள். மலையிலிருந்து சடச்சி என்ற அம்மா தன் ஆட்களோடு தோட்டத்து நடையைப் பார்க்க வருகிறாள். பார்த்துவிட்டு இங்கிருந்து ஒருத்தியைத் தன்னோடு மலைக்கு அழைத்துப் போவாள். பக்கத்து மலை ஊர்களிலும் நடை ஆரம்பிக்கப் போகிறார்கள், அங்கே தங்கிச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

தேவானை அன்று வேலை முடிந்து சிமெண்ட் படிந்த காலோடு அனன்யா வீட்டுக் கேட்டில் போய் நின்றாள்.

"பாப்பா, அந்த நாலாவது நிறுத்தம், எம் வூடுதான அது? அத்த நான் சொல்றேனே."

"கண்டிப்பா தேவானைம்மா. நீங்க சொல்லாம யாரு? ஆனா இந்த வாட்டி மலையிலேர்ந்து வராங்க இல்லையா, ஷீலாவே பண்ணட்டும். அவங்களுக்குப் பழக்கம். அடுத்த தடவ நீங்க."

"மலைக்குப் போறதும் ஷீலாதானா?"

அனன்யா சங்கடப்பட்டாள். "உங்களுக்கு பஸ் ஒத்துக்காதே," என்றாள்.

அந்த வாரம் முழுக்கத் தேவானை தலையில் பாண்டை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே பேசினாள். "வணக்கம், எம் பேரு தேவானை" என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஷீலா சொல்கிற வார்த்தைகள்தான் வரும். அவள் வாய் அசைவதைப் பார்த்து மேஸ்திரி, "இன்னா தேவானே, மந்திரம் ஓதறியா? கலவ கெட்டியாவுது பாரு," என்றான்.

வீட்டில் ரகுபதியிடம் கேட்டுப் பார்த்தாள். "யோவ், நான் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"நீ பேசுனாலே சண்ட போடற மாதிரி கீது. ஷீலா சொன்னா எனக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்குது. அது ஒரு இது."

"எது?"

"அதான், அந்த இது."

தட்டில் போட்ட குழம்பைத் திரும்பச் சட்டிக்கே ஊற்றிவிட்டாள். "போ. அவளாண்ட போய் வாங்கித் துன்னு."

ஞாயிறு வந்தது. வழக்கமான ஆட்களோடு மலைப் பெண்களும் வந்தார்கள். சடச்சி குள்ளம், அகலமான பாதம். தோட்டத்து வீடுகளை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தாள். கால்வாய்ச் சுவரிடம் ஷீலா பேசினாள், தொட்டியிடம் பேசினாள். சடச்சி கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மன் கோயில் திட்டில் பூசாரி பங்கஜம் உட்கார்ந்திருக்க, பங்கஜத்துக்கு எப்படி அருள் வந்தது என்பதை ஷீலா சொன்னாள். பங்கஜம் வெற்றிலை மென்றுகொண்டு தனக்கு வந்த அருளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சடச்சி தன் கூட வந்தவளிடம் திரும்பி என்னவோ கேட்டாள்.

நாலாவது நிறுத்தம். தேவானை கழுவிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ரகுபதி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

"இவங்கதான் எங்க தேவானை அக்கா," என்று ஷீலா கையை நீட்டினாள்.

"இரும்மா," என்றாள் சடச்சி. "இந்த ஊட்டுக்காரிதான் இங்கியே குந்திக்கினு இருக்கிறாளே. அவளுக்கு வாயி பேச வராதா?"

"வரும். ஏன்?"

"பின்ன நீ ஏன் பேசற? அங்கியும் கோயில்காரி குந்தியிருந்தா, நீ பேசன. மலைக்கி வந்தப்போ உனக்குச் சொன்னமே. முன்ன நடக்கிறவ வழியத்தான் காட்டணும். வாசல் வந்தா அந்த வாசக்காரி பேசணும். நடந்து காட்டினோம் இல்ல? நீகூட, இது நல்லா இருக்குதுன்னியே."

அனன்யா ஷீலாவைப் பார்த்தாள். அன்று எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்த அவளுக்கும் இது தெரியாது என்று தேவானைக்குப் புரிந்தது.

தேவானை எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

"அடிப்பாவி. பஸ்ஸுல என்னான்ட இன்னா சொன்ன? ஒர்த்திதான் சொல்வான்னு சொன்னியே! நான் வாந்தி எட்த்துக்கினு கெடந்தேன், நீ டபாய்ச்சிட்ட."

"நீதான் பேச மாட்டியேக்கா," என்றாள் ஷீலா. "இங்க எவ பேசுவா? பங்கஜம் பேசுவாளா? கேட்டுப் பாரு. அதான் நான்..."

கோயிலிலிருந்து கூடவே வந்திருந்த பங்கஜம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "நான் பேச மாட்டேன்மா, வாயில வெத்தல கீது," என்றாள். ஒருத்தர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லும்மா நீ," என்றாள் சடச்சி தேவானையிடம்.

இதைத்தான் தேவானை கேட்டிருந்தாள். எல்லாக் கண்களும் இப்போது அவள் மேல். ஷீலா கூட்டத்துக்குள் ஒதுங்கிப் பின்னால் நின்றாள். தேவானை வாயைத் திறந்தாள்.

"வணக்கம். எம் பேரு தேவானை." நிறுத்தினாள். "வெள்ளம் வந்துச்சி. இவுரு குட்ச்சிட்டுக் கெடந்தாரு. தூக்கினு போனேன்."

கதவுக்குப் பின்னால் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"காய்ச்சல் இல்லியா?" என்று வழக்கமாக வருகிற ஒரு அடையாறு அம்மா கேட்டார். மற்ற தடவைகளில் அவர் அழுதிருக்கிறார்.

"காய்ச்சல்லாம் இல்ல. சரக்கு."

"பாம்பு?"

"பாம்பு இல்ல. செருப்புதான் மெதந்துக்கினு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நடுவுல கனம் தாங்கல, கீய போட்டுட்டேன். திரும்பத் தூக்கினேன். மேல போனோம். ரொட்டி குடுத்தாங்க. துன்னோம்."

அவ்வளவுதான். இன்னும் இருந்தது, அவளுக்குத் தெரியும். தண்ணீரில் அவன் முகம் கீழே போன நொடியில், அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கை ஒரு கணம் யோசித்தது. அதைச் சொல்லியிருந்தால் சந்தே நின்றுபோயிருக்கும். ஆனால் அதை வாய்க்குக் கொண்டுவர அவளால் ஆகவில்லை. கூட்டம் காத்திருந்தது. பிறகு காத்திருப்பதை விட்டது. அடையாறு அம்மா கைக்குட்டையை மடித்த மடிப்பு கலையாமல் உள்ளே வைத்தார்.

தேவானை பின்னால் பார்த்தாள். ஷீலாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தேவானை விட்ட இடத்திலெல்லாம் அவள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் காத்திருந்தாள், குரலை இறக்க வேண்டிய இடத்தில் தலையைத் தாழ்த்தினாள். தேவானைக்கு அப்போது எரிந்த மாதிரி இந்த ஒரு வருஷத்தில் எரிந்ததில்லை. வாசல் கிடைத்துவிட்டது. அந்த வாய் மட்டும் ஷீலாவிடம் இருக்கிறது.

"சரிதான். அப்பிடித்தான் நடந்திருக்கும்," என்று சடச்சி தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அவள் ஒருத்திதான் முழுசாகக் கேட்டவள். மற்றவர்கள் ஷீலாவைச் சூழ்ந்துகொண்டு போனார்கள். வாசல்காரிதான் பேச வேண்டும் என்று சடச்சி சொல்லியும், சந்து திரும்புவதற்குள் அவளிடம் எதையோ கேட்டுச் சிரிக்கிற சத்தம் வந்தது.

ரகுபதி வெளியே வந்தான். சட்டையைக் கழற்றியிருந்தான்.

"சரக்குன்னு சொல்லணுமா? எத்தன பேரு போட்டோ எட்த்துக்கினாங்க எங்கூட."

"இல்லியா பின்ன?"

"இல்லன்னு எவன் சொன்னான்? சொல்லணுமான்னுதான் கேக்கறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போய்விட்டான்.

நடை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது அனன்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள், யாரை மலைக்கு அனுப்புவது என்று. சடச்சி இருவரையும் பார்த்தாள்.

"இவ ரேஷன் கடையாண்ட படுத்திருந்தவ இல்ல?" என்று தேவானையைக் காட்டினாள். "உன்ன பஸ்ல ஏத்துனா வளைவுக்கு வளைவு ரோட்டக் கழுவ ஆளு போடணும். அவ வரட்டும். வாய மூட வெக்கிறது என் பாடு."

எல்லோரும் சிரித்தார்கள். தேவானையும் சிரித்தாள். நாக்கில் டீ கசந்தது.

ஷீலா மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் தேவானை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஷீலா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"யக்கா."

தேவானை திரும்பாமல் குழம்பைக் கிளறினாள்.

"மேல போறேன். அங்கல்லாம் கேப்பாங்க, உங்க தோட்டத்த பத்தி சொல்லுன்னு. உன் கதைய சொல்லட்டா?"

ஒரு வருஷத்தில் முதல் தடவை கேட்கிறாள். தேவானை திரும்பிப் பார்த்தாள்.

"ஏன், உங்கிட்ட கத இல்லியா? வாசக்காரி அவங்க அவங்க கதையத்தான் சொல்லணுமாமே. உன் கதைய சொல்லு."

"எங்கிட்ட இன்னா கீது?" ஷீலா நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கி எங்க அக்கா வூட்ல கட்டில் மேல குந்திக்கினு சீரியல் பாத்துக்கினு இருந்தேன். கரண்டு போச்சின்னு அக்காளோட சண்ட. அத்த சொன்னா எவ அய்வா? எல்லா வாசல்லயும் போய் நின்னேனே, எம் வாசல்ல நின்னனா? நிறுத்தம் போடும்போது எம் வூட்ட ஏன் போடலன்னு நீ யோசிச்சியா? ஒண்ணும் இல்லக்கா. பொறந்தேன், அடையாறுல பத்துப் பாத்திரம் தேய்க்கிறேன். நீ தூக்கினு போன. தூக்கினு போனது நீ. நீ சட்டி கயுவிக்கினு குந்தியிருப்ப, நான் உன்ன காட்டுவேன், எல்லாரும் உன்னையே பாப்பாங்க. எனக்கு எப்பிடி எரியும் தெரியுமா? ராத்திரில நெனச்சிப்பேன், அன்னிக்கி ஏன்டா கோடம்பாக்கம் போனோம்னு."

குழம்பு கொதித்தது. தேவானை அடுப்பைத் தணிக்கவில்லை. உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இரக்கம் இல்லை அது. பசி நேரத்தில் சூடான சோறு இறங்குகிற மாதிரி ஒரு இதம். இவ்வளவு நாளும் இவளும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சொல்லாத," என்றாள்.

"ஒரு வாட்டிக்கா. மேல மட்டும். காய்ச்சல் போடல, பாம்பு போடல. நீ சொன்ன மாதிரியே சொல்றேன்."

"ஒரு வாட்டி கூட சொல்லாத. அத்த நான் எவ்ளோ மோசமா சொன்னாலும் நான்தான் சொல்வேன்."

தேவானை குழம்பில் உப்புப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது.

ரகுபதி உள்ளேயிருந்து வந்தான். சரக்கு என்று சொன்னதற்காக அவளோடு போட்ட சண்டை ஓய்ந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"குடுத்துட்டுப் போயேன். மலையில எவன் கேக்கப் போறான்? பாவம் அவ."

"பாவமா? உனக்கு வந்த காய்ச்சல வேணா அவளுக்குக் குட்த்தனுப்பு," என்று சொல்லிவிட்டுத் தேவானை முதலில் தனக்குத்தான் சோறு போட்டுக்கொண்டாள்.